ஓட்டை போடும் ரோண்டா

கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் ஏறி நின்று, வேலிப் பலகையில் முகவாயை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார் அந்தப் பெண். உடம்பில் சாலைப் பணியாளர்கள் அணியும் பளீர் ஆரஞ்சுச் சட்டை. காலுக்கடியில் இருந்த வாளி கர்ட் நவோட்னியுடையது. வேலியும் அவருடையதுதான். ஏப்ரல் மாதச் சனிக்கிழமை காலையில் காரேஜ் கதவைத் தூக்கிய கர்ட், தூக்கிய கை தூக்கியபடியே நின்றார்.

"ஏம்மா, அங்க என்ன பண்றீங்க?"

"வாசனை பிடிக்கிறேன்." கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. "லவங்கப்பட்டை போட்ட ரொட்டி. இப்பத்தான் அடுப்புலேர்ந்து எடுத்திருக்காங்க. உங்களுக்கு அது வேணும்னா எப்படிப் போவீங்க?"

"இதென்ன கேள்வி? கார்லதான்."

"எவ்வளவு தூரம்?"

கர்ட் மனதுக்குள் வண்டியைக் கிளப்பினார். தன் தெருவான மல்லார்ட் கோர்ட்டை விட்டு வெளியே வந்து, டீல் சாலையில் திரும்பி, நெடுஞ்சாலை சிக்னலில் நின்று, வங்கியைச் சுற்றி, கடைத்தொகுதியின் முன்வாசலுக்கு வந்து சேர்ந்தார். "ரெண்டே கால் மைல் இருக்கும்."

"வாசனைக்கு எவ்வளவு தூரம்?"

கர்ட் வேலியைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் குப்பைத் தொட்டிகள். அதை ஒட்டி சூப்பர் மார்க்கெட்டின் பின்கதவு. இங்கிருந்து ஒரு பந்தை எறிந்தால் கதவில் பட்டுத் திரும்பி வரும்.

"வாளிய விட்டு இறங்குங்க," என்றார். "உடைஞ்சிடப் போகுது."

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரத்தின் விளிம்புக்கும் விளிம்பான ஃபாக்ஸ் ப்ரேரியின் நகரத் திட்ட அலுவலர் ரோண்டா கிளெம்ப், கர்ட்டுக்கு அறிமுகமானது இப்படித்தான். அந்த ஊரில் மல்லார்ட், டீல் என்று தெருக்களுக்கெல்லாம் வாத்துகளின் பெயர்கள். வாத்துகளை விரட்டிவிட்டு வீடு கட்டியவர்கள், போன வாத்துகளின் நினைவாக அப்படி வைத்தார்களாம். ஒவ்வொரு தெருவும் கொஞ்ச தூரம் வளைந்து போய், திடீரென்று ஞாபகம் வந்ததுபோல் முட்டி நின்றுவிடும். வீடுகளுக்கு முகம் என்று ஒன்று இருந்தால் அது காரேஜ் கதவுதான். வாசற்கதவும் உண்டு, ஆனால் அது பார்சல் கொண்டுவருபவருக்கும் மதப் பிரசாரகருக்கும் மட்டுமே தெரியும். கர்ட்டின் தொழில் காரேஜ் கதவு பொருத்துவது. ஊரில் பாதி முகங்கள் அவர் திருத்தி வைத்தவை. அப்படிப்பட்ட மனிதரின் வேலியில் ஏறி நின்றுதான் ரோண்டா ரொட்டி வாசனை பிடித்தார்.

ரோண்டாவுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். பால்பண்ணையில் வளர்ந்த கை. குலுக்கிவிட்டு விட்டால், நம் விரல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியக் கொஞ்ச நேரம் ஆகும். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நெடுஞ்சாலை ஓரப் புல்லில் நடந்துதான் போவார். ஆரஞ்சுச் சட்டை அதற்காகத்தான். அது இல்லாமல் நடந்தால், யாரோ ஒரு பெண் வழி தவறி அலைகிறாள் என்று காவல் நிலையத்துக்குத் தொலைபேசி போய்விடும். சட்டை போட்டுக்கொண்டால் சாலை வேலை என்று விட்டுவிடுவார்கள்.

ஆனாலும் நல்லவர்களின் தொல்லை தீராது. மினசோட்டாக்காரருக்கு, நடந்து போகிறவரைப் பார்த்தும் வண்டியை நிறுத்தாமல் போவது பாவம். ஜன்னல் இறங்கும். "ஏறிக்கங்க, விட்டுட்டுப் போறேன்."

"வேண்டாம், நடக்கிறேன்."

"வண்டி கெட்டுப்போச்சா?"

"இல்லை."

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

ரோண்டா இதற்கு ஒரு பொய் வைத்திருக்கிறார். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்." உடனே முகம் மலர்ந்து, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். "பிடிச்சு நடக்கிறேன்னு சொன்னா பயப்படறாங்க, வியாதின்னு சொன்னா சந்தோஷப்படறாங்க," என்பார்.

அவரிடம் ஒரு பழைய குழந்தைத் தள்ளுவண்டி உண்டு. அதில் குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது பவுண்டு உப்பு மூட்டை ஒன்று, இடுப்புப்பட்டி கட்டிப் படுத்திருக்கும். எந்தத் தெரு முனையில் சக்கரம் முட்டுகிறது, எந்த இடத்தில் ஏற்றி இறக்க இரண்டு ஆள் வேண்டும் என்று அதைத் தள்ளித்தான் பார்ப்பார். பள்ளத்தில் இடித்துவிட்டால், "மன்னிச்சுக்கடா கண்ணு," என்று மூட்டையைத் தட்டிக்கொடுப்பார். ஒரு நாள் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் ஆசையாக எட்டிப் பார்த்து, "பையனா, பொண்ணா?" என்று கேட்டார். "உப்புங்க," என்றார் ரோண்டா. அந்தப் பெண் குழாயைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் ரோண்டாதான். அதில் அவருக்கு ஒளிவுமறைவு இல்லாத பெருமை. பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பட்டத்தில் வந்து நிற்கும். ஆனால் பட்டச் சான்றிதழ் அவருடைய மேசைக்கு மேல் இல்லை; அது பண்ணையில், பால் கறக்கும் கொட்டகையில் தொங்குகிறது. "அப்பா பாதி நாள் அங்கதான் இருக்கார். வீட்டுக்குள்ள மாட்டினா யாரு பாக்கிறது? இப்ப அத்தனை மாடும் தினம் ரெண்டு வேளை படிக்குது."

பண்ணையில் வளர்ந்தவர் என்பதால் நடை மீது ஆசை என்று யாராவது சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும். "எங்க ஊர்ல நடந்து போறதுக்கு என்ன இருக்கு? சோளம். சோளம் முடிஞ்சா இன்னொருத்தர் சோளம். தபால் பெட்டிக்கே அப்பா வண்டியிலதான் போவார். நான் வாக்கிங் போற ஆளே இல்ல. பால் வாங்கப் போற ஆளு. போற இடம்னு ஒண்ணு இருந்தாத்தான் எனக்குக் கால் நகரும்."

அவருடைய திட்டமும் அவ்வளவுதான். ஊரை இடிக்க வேண்டாம், காரை எரிக்க வேண்டாம். முட்டி நிற்கும் தெருக்களுக்கும் அவற்றின் முதுகுப்புறம் இருக்கும் கடை, பள்ளி, நூலகத்துக்கும் நடுவில் ஆங்காங்கே ஓர் ஓட்டை போட்டால் போதும். "எல்லாம் பக்கத்துலதான் இருக்கு. முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்." இந்த ஓட்டைகளை வரைந்து வரைந்து, நகராட்சிக் கட்டடத்தின் ஜன்னல் இல்லாத கீழ்த்தளத்தில் ஒரு சுவரே நிறைந்துவிட்டது. தரைக்கு வந்தது ஒன்றுகூட இல்லை.

மல்லார்ட் கோர்ட்டின் ஓட்டைக்குக் குறுக்கே நின்றது கர்ட்டின் மீன்பிடிப் படகு. அவர் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில், நடைபாதைக்கென்று ஆதியிலேயே விட்ட நகராட்சி நிலம் ஒரு சந்து போலக் கிடக்கிறது. பாதை வரவில்லை, படகு வந்தது. படகுக்குக் காவலாக வேலியும் வந்தது. நிலம் யாருடையது என்று கர்ட்டுக்கும் தெரியும், ரோண்டாவுக்கும் தெரியும்.

"நோட்டீஸ் அனுப்ப வேண்டியதுதானே?" என்று கர்ட்டே ஒரு முறை சீண்டினார்.

"அனுப்பினா படகு நகரும். நீங்க நகர மாட்டீங்க. கூட்டத்துல வந்து நிப்பீங்க."

அது உண்மை. பாதையை ஒட்டி வீடு இருப்பவர் ஒருவர் எழுந்து 'வேண்டாம்' என்றால், நகரமன்றம் அந்தப் பாதையைக் கைவிட்டுவிடும். எங்கும் எழுதப்படாத சட்டம் இது. எழுதிய சட்டங்களைவிட ஒழுங்காக நடக்கிறது. ரோண்டாவுக்கு அவகாசமும் இல்லை. அக்டோபரில் கடைத்தொகுதிக்காரர் தன் பக்கம் உயரமாகக் கான்கிரீட் சுவர் எழுப்பப்போகிறார். அதற்கு முன்பு மன்றம் தீர்மானித்தால் சுவரில் ஒரு வாசல் விடுவதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் இல்லை.

மே மாதம் கர்ட்டின் மனைவி மார்லா சமையலறைத் தரையில் விழுந்தார். வலிப்பு. அதுவரை அப்படி ஒன்று அவருக்கு வந்ததே இல்லை. மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, நடுவில் மறுபடி வந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்றார் டாக்டர். வேலை செய்யலாமா என்று கேட்டார் மார்லா. தாராளமாக என்றார்.

மார்லாவின் வேலை எங்கே? வேலிக்கு அந்தப் பக்கம். அந்தச் சூப்பர் மார்க்கெட்டின் ரொட்டிப் பிரிவில் கேக்குகளின் மேல் பெயர் எழுதுபவர் அவர்தான். ஃபாக்ஸ் ப்ரேரியில் பிறந்தநாள் கொண்டாடிய எல்லாக் குழந்தைகளின் பெயரையும் அவர் கை அறியும்.

கர்ட் அவரைக் கொண்டுவிட்டார், கூட்டிவந்தார். விட்டவர் உடனே திரும்பவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அரை மணி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். மாலையில் அரை மணி முன்னாலேயே வந்து உட்கார்ந்தார். மனைவியின் கேக் மேசைக்கு எதிரே, எதையும் வாங்காமல், ரொட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னை என்ன பீட்சான்னு நெனச்சியா?" என்றார் மார்லா ஒரு நாள் காரில். "சூடு ஆறாம கொண்டுபோய்க் குடுக்கற?"

"உனக்கு நல்லதுக்குத்தானே."

"எனக்கா, உனக்கா?"

கர்ட் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

ஜூனில் ரோண்டா ஒரு காரியம் செய்தார். பேசிப் புரியாததை நடந்து புரியவைக்கலாம் என்று, நகரமன்ற உறுப்பினர்களையும் அக்கம்பக்கத்தாரையும் மல்லார்ட் கோர்ட்டுக்கு ஒரு நடைக்கு அழைத்தார். அங்கிருந்து கடைத்தொகுதிவரை, இப்போதுள்ள வழியில், எல்லோரும் சேர்ந்து ஒரு முறை நடப்பது. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். அத்தனை பேரும் காரில் வந்தார்கள்.

முட்டுச்சந்தில் எத்தனை கார் நிற்கும்? முதலில் வந்தவர்கள் வளைவில் நிறுத்தினார்கள். அடுத்தவர்கள் புல்லில் ஏற்றினார்கள். ஒருவர் தீயணைப்புக் குழாயின் முன் நிறுத்தினார். மேயர் ட்ரூடி ஃபெல்லின் வெள்ளை வண்டி கர்ட்டின் காரேஜை அடைத்துக்கொண்டது. தெருவே ஒரு சாவி திரும்பாத பூட்டு மாதிரி ஆகிவிட்டது. பின்னால் எடு, முன்னால் எடு, நீங்க எடுத்தாத்தான் நான் எடுக்க முடியும் என்று எல்லோரும் மிக மரியாதையாகச் சண்டை போட்டார்கள்.

கடைசியில் மேயர் கையைத் தட்டினார். "ரோண்டா, நல்ல யோசனைதான். ஆனா இந்த நடைய வேற எடத்துல வெச்சுக்கலாமே? பார்க்கிங் வசதியா இருக்கற எடமா பாத்து?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவராகப் பின்னால் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரோண்டா தெரு விளிம்புக் கல்லில் உட்கார்ந்து, நடந்து களைப்பவர்களுக்காகத் தானே செய்து எடுத்துவந்திருந்த சாக்லேட் துண்டுகளைத் தின்னத் தொடங்கினார். கர்ட் ஒரு பீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சிரிப்பை அடக்கி அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"ஒண்ணு சாப்பிடுங்க," என்றார் ரோண்டா. "நாப்பது பேருக்குச் செஞ்சது."

கர்ட் தின்று பார்த்தார். "மோசமில்ல," என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. "ஆனா படகு நகராது. சொல்லிட்டேன்."

"தெரியும். இன்னொண்ணு எடுத்துக்கங்க."

ஜூலை கடைசியில், மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, மார்லாவுக்கு மறுபடி வந்தது. இம்முறை கட்டிலில், அடி ஒன்றும் படவில்லை. ஆனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. அன்றிலிருந்து கர்ட் தன் மனைவியைக் குளியலறைக் கதவுக்கு வெளியேயும் காவல் காத்தார். "உள்ள இருக்கியா?" என்பார். "இல்ல, ஜன்னல் வழியா ஓடிட்டேன்," என்று பதில் வரும்.

ஆகஸ்டில் ஒரு காலை, கதவு பொருத்துகிற இடத்தில் வேலை இழுத்துவிட, மார்லாவைக் கொண்டுவிட கர்ட் வீட்டுக்கு வரத் தாமதமானது. வந்து பார்த்தால் மார்லா இல்லை. சாப்பாட்டுப் பை இல்லை. வெள்ளை ஷூவும் இல்லை. கர்ட் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தார். நெடுஞ்சாலை ஓரப் புல்லில், லாரிகள் கிளப்பிய காற்றில் முடி பறக்க, இரண்டு ஆரஞ்சுச் சட்டைகள் நடந்து போய்க்கொண்டிருந்தன. ஒன்று ரோண்டா; வழியில் எதிர்ப்பட்டவர், மார்லாவுக்குத் தன் மாற்றுச் சட்டையைப் போட்டுவிட்டுக் கூடவே திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

கர்ட் பக்கவாட்டு விளக்குகளை மின்னவிட்டு, ஜன்னலை இறக்கி, நடை வேகத்தில் வண்டியை உருட்டினார். "மார்லா! ஏறு!"

"வேலைக்குப் போயிட்டிருக்கேன்."

"ஏறுன்னு சொல்றேன்ல!"

"ரெண்டு நாள் பேசாம இருந்தா ஏறுறேன். முடியுமா உன்னால?"

பின்னால் ஒரு கார் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஹார்ன் அடிப்பது தாயைத் திட்டுவதற்குச் சமம். சாவு ஊர்வலம் போல ஒரு நீண்ட வரிசை சத்தமில்லாமல் சேர்ந்து, கணவன் மனைவி சண்டையின் வேகத்தில் நகர்ந்தது.

"வழியில விழுந்தா என்ன பண்ணுவே?" கர்ட் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "அன்னிக்கு நீ கிடந்த கிடப்ப நான் பாத்தேன். நீ பாக்கல."

மார்லா நின்றார். வரிசையும் நின்றது. "நான் பாக்கலதான். அதுக்காக நீ பாத்ததுக்குள்ளயே என்னை வெச்சுப் பூட்டிடுவியா? கர்ட், எனக்கு வந்தது வலிப்பு. நான் எட்டு வயசுக் குழந்தையாயிடல."

கர்ட் கோபத்தை ரோண்டாவின் பக்கம் திருப்பினார். "நீங்கதான் ஏத்திவிட்டீங்க. சொல்லுங்க, இவ விழ மாட்டாளா?"

"விழலாம்," என்றார் ரோண்டா.

கர்ட் இதை எதிர்பார்க்கவில்லை.

"இங்க விழுந்தா லாரிக்காரனுக்குத்தான் தெரியும், அதுவும் கடைசி நிமிஷத்துல. உங்க வேலி வழியாப் போய் விழுந்தா உங்க சமையலறை ஜன்னல்லேர்ந்து தெரியும். அந்தப் பக்கம் ரொட்டி போடறவங்களுக்குத் தெரியும். விழாம இருக்க நான் பாதை போட முடியாது, கர்ட். விழுந்தா நாலு பேர் பாக்கற மாதிரிதான் போட முடியும்."

மார்லா அன்று நடந்தே போனார். கர்ட் கடைவரை பக்கத்திலேயே உருண்டார். அவருக்குப் பின்னால் பாதி ஃபாக்ஸ் ப்ரேரி உருண்டது.

செப்டம்பரில் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம். பேசப் பெயர் கொடுத்தவர்களில் எதிர்ப்பவர் பக்கத்தில் கர்ட்டின் பெயர் ஜூனிலிருந்தே இருந்தது. ரோண்டா சுவரோரம் நின்றார். நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தார். மேயர் கூப்பிட்டதும் கர்ட் எழுந்து, தொப்பியைக் கழற்றி, ஒலிவாங்கியைக் குனிந்து பிடித்தார்.

"அந்தப் பாதை வந்தா என்ன ஆகும்னு நான் சொல்றேன். ஊர்ல உள்ளவன் எல்லாம் கார்ல வருவான். என் வீட்டு முன்னாடி நிறுத்துவான். அந்த வழியா நடந்து போய் ரொட்டி வாங்கிட்டு வருவான்."

சிரிப்பு எழுந்தது. கர்ட் சிரிக்கவில்லை. எதிர்பார்த்தபடி எல்லாம் நடக்கிறது என்று மேயர் பேனாவை மூடினார். "ஆக, நீங்க எதிர்க்கிறீங்க, மிஸ்டர் நவோட்னி."

கர்ட் இரண்டாம் வரிசையைப் பார்த்தார். மார்லா பையை மடியில் வைத்து, அதன் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் கெஞ்சல் இல்லை. இங்கே எது நடந்தாலும் நாளைக்கும் நான் புல்லில் நடக்கத்தான் போகிறேன் என்பதுபோல் இருந்தது.

"எதிர்க்கிறேன்னு எங்க சொன்னேன்?" என்றார் கர்ட். "நிறுத்தினா என் காரேஜ அடைக்காம நிறுத்தச் சொல்லுங்கன்னு சொல்றேன். போன தடவை நீங்கதான் அடைச்சீங்க."

மேயரின் காது சிவந்தது. கர்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு நகர்ந்தார், நின்றார், திரும்பி வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஒரு படகு விலைக்கு இருக்கு. மோட்டார் நல்ல மோட்டார்."

ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பாதைக்கான தீர்மானம் நிறைவேறியது. ரோண்டா வெளியே போய், கட்டடத்துக்குப் பின்னால், யாரும் இல்லாத கார் நிறுத்துமிடத்தின் நடுவில் நின்று பண்ணைக்குத் தொலைபேசினார். "அப்பா, ஓட்டை ஒண்ணு போட்டுட்டேன்," என்று சொன்னது உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அவருடைய அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இப்போது ரோண்டா தொடக்கப் பள்ளியின் பின்வேலியைச் சுற்றிவந்துகொண்டிருக்கிறார். வேலிக்கு இந்தப் பக்கம் வீடு இருக்கிற பிள்ளைகளைக்கூட அம்மாக்கள் காரில் ஏற்றி, தெருத் தெருவாக வளைத்து, பள்ளி வாசல் வரிசையில் நிற்க வைத்துத்தான் இறக்குகிறார்கள். அங்கே இருபத்தோரு வீட்டுக்காரர்கள். இருபத்தோரு பேரும் வேண்டாம் என்கிறார்கள். ரோண்டா உற்சாகமாக இருக்கிறார்.

போன திங்கட்கிழமை காலை மட்டும் மல்லார்ட் கோர்ட்டுக்கு வந்தார். அன்றுதான் வேலிப் பலகைகள் போய், புதுத் தார் போட்ட பாதை சுவரின் வாசல்வரை திறந்து கிடந்தது. ரிப்பன் வெட்ட வந்த மேயர் பழக்கத்தில் வண்டியைக் கடைத்தொகுதிப் பக்கம் விட்டுவிட்டதால், அந்த முனையில் கத்தரிக்கோலோடு காத்துக்கொண்டிருந்தார். இந்த முனையில் ரோண்டாவும் கர்ட்டும்.

மார்லா கோட்டின் பித்தான்களைப் போட்டுக்கொண்டு வந்தார். "பின்னாடி வந்தே, தொலைச்சிடுவேன்," என்றார் கணவரிடம்.

"நான் எதுக்கு வர்றேன்? எனக்கு வேற வேலை இல்லயா?"

மார்லா நடந்தார். தனியாக, கையை வீசிக்கொண்டு, தார் வாசனைக்குள் போனார். பாதி வழியில் சட்டென்று நின்றார். குனிந்தார்.

கர்ட்டின் கால் பாய்ந்துவிட்டது. அதே நொடியில் ரோண்டாவின் கை, அவர் மார்புக்குக் குறுக்கே வந்து விழுந்தது. ஓட்டுகிற வண்டியைத் திடீரென்று நிறுத்தும்போது, பக்கத்து இருக்கைக்காரர் முன்னால் போய் மோதிவிடாமல் நம் கை தானாக நீளுமே, அப்படி. ரோண்டா கர்ட்டைப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் மார்லாவின் மேல்தான். தூரத்தில் மார்லா ஷூ கயிற்றை இழுத்துக் கட்டி, நிமிர்ந்து, மேயரைக் கடந்து நடந்தார். சூப்பர் மார்க்கெட்டின் பின்கதவு திறந்து, அவரை உள்ளே எடுத்துக்கொண்டு, சாத்திக்கொள்ளும்வரை அந்தக் கை இறங்கவில்லை.